மழலையர் மனம் கண்ட மருத்துவர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்)

உலகில் மருத்துவர் பலர் தோன்றியுள்ளனர். மருத்துவம் பயின்று, பின்னர் குழந்தைகளுக்காகவே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் மரியா மாண்டிசோரி அம்மையார்.

இத்தாலி நாட்டின் கியாரவல்லே என்னும் சிற்றூரில் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள் அம்மையார் பிறந்தார். தந்தையார் அரசுப் பணியாளர். மகள் மருத்துவம் பயில்வதை அவர் விரும்பவில்லை. தாயாரோ துணை நின்றார். ஆடவரோடு சேர்ந்து பிணத்தை அறுத்துப் பார்ப்பது பெண்ணுக்குத் தகாது என்றனர். எனவே மற்ற மாணவர் சென்றபின் தனியே நின்று அப்பாடத்தைக் கற்றார். 1896இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த என் போன்றோர்க்கு அத்தனிமையின் பாரம் ஓரளவு விளங்கும்.

பட்டம் பெற்றபின் ரோம் நகர மனநோய் விடுதிகளுக்குச் சென்று வந்தார். அங்கே குழந்தைகளும் அடைபட்டுக் கிடந்தனர். பேசாத குழந்தை, கற்க இயலாத குழந்தை, தன் போக்கில் இருக்கும் குழந்தை அனைவருக்கும் மந்தபுத்தி என்ற ஒரே பெயர்தான். உண்டு முடித்ததும் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளை அவர்கள் பொறுக்குவதைக் காவற்பெண் அருவருப்போடு காட்டினாள் என்று சொல்வர். அம்மையார் அறையைச் சுற்றிப் பார்த்தார். தொட்டு விளையாட அங்கே ஒரு பொருளும் இல்லை. அக்குழந்தைகளின் பசி வயிற்றுப் பசியன்று, கைகளின் பசி என்று கண்டுகொண்டார்.

இட்டார், செகன் என்னும் பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களைக் கற்றார். 1900இல் ரோமில் தொடங்கப்பெற்ற சிறப்புப் பள்ளியில் பகலெல்லாம் குழந்தைகளோடு இருந்தார். இரவில் தாம் கண்டவற்றை எழுதினார். அவரிடம் பயின்ற சிலர் பொதுத் தேர்வில் மற்றக் குழந்தைகளோடு எழுதித் தேறினர்!

1907 ஜனவரி 6ஆம் நாள், சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் பகுதியில் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அவர் அமைத்த கருவிகள் எளியவை. இளஞ்சிவப்புக் கட்டைகள் 10. நிறம் ஒன்றே, அளவு மட்டும் மாறும். குலுக்கிக் கேட்கும் பெட்டிகளில் ஒலி மட்டும் மாறும். உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவி அறிவர். ஒரு நேரத்தில் ஒரு புலனுக்கு ஒரு வேலை என்பதே அதன் உட்பொருள். முதலில் குழந்தையைக் கவனி, பிறகு கற்பி என்பது அவர் வகுத்த நெறி.

1939இல் அம்மையார் சென்னை வந்து, அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கவே, ஆங்கில அரசு அவர் மகனைச் சிறைப்படுத்தியது. அம்மையாரின் 70ஆம் பிறந்தநாளன்று விடுவித்தது. பின்னர்க் கோடைக்கானலில் சில ஆண்டுகள் தங்கினார். அந்நாளில்தான், 1943இல், அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர் 11 குழந்தைகளை ஆராய்ந்து, ஆட்டிசம் என்று இன்று நாம் அறியும் நிலையை விளக்கி எழுதினார். மந்தபுத்தி என்ற ஒரே சொல்லுக்குள் மறைந்து கிடந்தவர்களுள் ஒரு சாரார்க்குத் தனிப்பெயர் கிடைத்தது. அம்மையார் 1952 மே 6இல் ஆலந்து நாட்டில் மறைந்தார்.

இவ்வரலாற்றை நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் தம்பி. அவனுக்கு ஆட்டிசம். ஊர்த் திருவிழாவில் வேட்டுச் சத்தம் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டு மண்ணில் புரண்டான். பிடிவாதம் என்று எண்ணி நான் கை ஓங்கினேன். நமக்கு வேட்டாகக் கேட்பது அவனுக்கு இடியாகக் கேட்டிருக்கும் என்று அன்று எனக்குத் தெரியவில்லை. எழுத்தறியாத என் அன்னை அவனை ஓரமாக அழைத்துச் சென்று, மடியிலிருந்து ஒரு பிடி புளியங்கொட்டையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அவன் அவற்றை உருட்டி உருட்டி அமைதியானான். அதை நான் பலமுறை கேலி செய்ததுண்டு. ரோமில் அம்மையார் கண்டதையே என் அன்னையும் தன் பிள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கண்டிருக்கிறாள்.

இப்போது மிக்சியை ஓட்டுமுன் அவனிடம் சொல்லிவிடுகிறோம். புதுச்சட்டையின் கழுத்துப் பட்டையில் உறுத்தும் துணியை வெட்டிவிடுகிறோம். கூட்டம் சேருமுன் கோயிலுக்குப் போய் வருகிறோம். இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை, பொறுமை வேண்டும்.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் நாளை ஆசிரியராவோம், பெற்றோராவோம். காதைப் பொத்தும் குழந்தையைக் கண்டால் அதட்டுமுன் அங்கே என்ன சத்தம் என்று கேட்போம். அதுவே அம்மையாருக்கு நாம் செய்யும் நன்றி.