நாடகத் தந்தை பம்மல் சம்பந்தனார்

தமிழ் நாடகத் தந்தை என்று போற்றப்படும் பம்மல் சம்பந்த முதலியார் 1873-இல் பிறந்தார். இளமையில் தமிழ் நாடகத்தையே வெறுத்தவர் அவர் என்பது எனக்கு வியப்பூட்டும் செய்தி. நடிகரைக் கூத்தாடி என்று சமுதாயம் இகழ்ந்த காலமது.

1891-இல் பல்லாரி வழக்கறிஞர் கிருஷ்ணமாச்சாரியாரின் குழு சென்னையில் தெலுங்கு நாடகங்கள் நடத்தியது. கற்றோரும் பதவியில் இருப்போரும் அரிதாரம் பூசி நடிப்பதைப் பதினெட்டு வயது மாணவர் கண்டார். வெறுப்பு வேட்கையாயிற்று! அவ்வாண்டே நண்பர்களுடன் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். 'மனோகரா' உள்ளிட்ட தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார். ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்'டை 'அமலாதித்யன்' ஆக்கினார்.

வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் விளங்கிய அப்பெருமகனார், தாமும் மேடையேறி நடித்தார். 1964-இல் மறைந்தார். நடிப்பு இழிதொழிலன்று என்று வாழ்ந்து காட்டியதே, அவர்தம் நாடகங்கள் அனைத்தினும் பெரிய தொண்டு என்பேன் நான்.