ரொனால்ட் ராஸ் பார்த்த கறுப்புப் புள்ளி: மலேரியா மாத்திரை தோற்ற இடமும் அதுதான்!

கடலூர், சிதம்பரம் பக்கம் விட்டுவிட்டுக் காய்ச்சல்னு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால், விரல்ல குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து கண்ணாடித் தகட்டில் தடவுவாங்க. மலேரியா கிருமி இருக்கான்னு மைக்ராஸ்கோப்பில் பார்க்கத்தான். இந்த வேலையை வெறித்தனமாகச் செய்த மனுஷன் ரொனால்ட் ராஸ்.

1857-ல் அல்மோராவில் பிறந்தவர். ஆசையெல்லாம் கவிதை, ஓவியம் மேல. ராணுவ அதிகாரியான அப்பாவின் பிடிவாதத்தால் டாக்டர் ஆனார். 1881-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து மதராஸ் மாகாணத்துக்கு வந்தார். 1894-ல் லண்டனில் பேட்ரிக் மேன்சனைச் சந்தித்த பிறகுதான் கொசு மேல் கண் விழுந்தது.

1897-ல் லீவில் ஊட்டிக்குப் போனவர் சும்மா இருக்கவில்லை. மலேரியாவை ஆராயப்போகிறேன் என்று சீகூர் மலைச்சரிவில் இறங்கி, அவரே மலேரியாவில் படுத்தார்!

அதே வருஷம் ஆகஸ்ட் 20, செகந்திராபாத். ஹுசைன் கான் என்ற நோயாளியைக் கடிக்கும் ஒவ்வொரு கொசுவுக்கும் அவருக்கு ஓரணா கொடுத்தார் ராஸ். அப்படிக் கடித்த ஒரு அனாபிலிஸ் கொசுவின் வயிற்றை அறுத்துப் பார்த்தால், உள்ளே உருண்டைகள். அவற்றில் கறுப்புப் புள்ளிகள். மலேரியா நோயாளிகளின் ரத்தத்தில் பார்த்துப் பழகிய அதே நிறமி. கிருமி கொசுவுக்குள் வளர்வது அம்பலமானது. 1902-ல் நோபல் பரிசு.

அந்தக் கறுப்பு என்ன? கிருமி நம் ஹீமோகுளோபினைத் தின்கிறது. மிச்சமாகும் ஹீம், கிருமிக்கே விஷம். அதனால் அதைக் கறுப்புப் படிகமாக்கி ஒதுக்கிவிடும்.

ராஸ் 1932-ல் இறந்தார். இரண்டே வருஷத்தில் ஜெர்மனியில் உருவான குளோரோகுயின், கை வைத்தது சரியாக அங்கேதான். கிருமியின் 'வயிற்றுக்குள்' சேர்ந்து படிகமாவதைத் தடுக்கும்; விஷம் தேங்கி கிருமி சாகும்.

கிருமி லேசுப்பட்டதா? அந்த வயிற்றின் சுவரில் பொருட்களைக் கடத்தும் ஒரு புரதம் உண்டு. அதில் 76-வது இடத்தில் ஒரு அமினோ அமிலம் மாறியதுதான் முக்கியத் திருப்பம். இப்படி மாறிய புரதம் மருந்தை வெளியே தள்ளிவிடுகிறது. இந்தியாவில் 1973-ல் அசாமில் ஃபால்சிபாரம் வகைக் கிருமி குளோரோகுயினுக்கு அடங்காதது தெரிந்தது. காரணமான மரபணு பிடிபட்டதோ 2000-ல்தான்.

இப்போது ஃபால்சிபாரம் என்றால் ஆர்டிமிசினின் கூட்டு மருந்து. தமிழ்நாட்டில் அதிகம் காணப்படும் வைவாக்ஸ் வகைக்கு இன்றும் குளோரோகுயின்தான். எந்த வகை என்று சொல்வது, அதே கண்ணாடித் தகடு.