கப்பல் தளத்தில் ராமன்

சர் சி.வி. ராமன் என்றால் நோபல் பரிசு, பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம். வினாடி வினாவில் ஒரு மார்க். எனக்கும் அவ்வளவுதான் தெரிந்திருந்தது. ஆனால் நண்பர்களே, அவருடைய கடல் கதை இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வந்தேன்.

1888 நவம்பர் 7-ல் திருச்சியில் பிறந்தார். அப்பாவுக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியர் வேலை. அதனால் கடலோரத்தில் வளர்ந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படிக்கும்போது, 18 வயதில், முதல் ஆய்வுக் கட்டுரை லண்டன் இதழில் வந்தது. (நமக்கும் அதே வயசுதான். நாம் ரெக்கார்டு நோட்டையே பார்த்து எழுதுகிறோம்!) 1907-ல் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரி. காலையும் மாலையும் ஆய்வுக்கூடம், நடுவில் ஆபீஸ். 1917-ல் அந்த வேலையை விட்டு, குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியர் ஆனார். கவர்மெண்ட் வேலையை விடுகிறேன் என்று நான் சொன்னால், எங்க அம்மா மூன்று நாள் சாப்பிட மாட்டாங்க.

1921-ல் இங்கிலாந்து போனவருக்கு மத்தியதரைக் கடலின் நீலம் மனதை விட்டுப் போகவில்லை. அது வானத்தின் பிரதிபலிப்பு என்பது ராலே பிரபுவின் முடிவு. அவர் சொன்னதற்கு மறுபேச்சு ஏது? திரும்பும்போது 'நர்குண்டா' கப்பலில் ராமனிடம் இருந்தது ஒரு சின்ன நிக்கோல் பட்டகம். நீர்ப்பரப்பில் குறிப்பிட்ட கோணத்தில் பட்டுத் திரும்பும் ஒளி தளவிளைவு அடைந்திருக்கும். பட்டகத்தைச் சரியாகத் திருப்பினால் மறைந்துவிடும். மறைத்துப் பார்த்தார். வானத்தின் பிம்பம் போச்சு. நீலம் போகவில்லை, இன்னும் கூடியது! ஆக, நிறம் தண்ணீருக்குள்ளிருந்தே வருகிறது. நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. பம்பாய்த் துறைமுகத்திலிருந்தே 'நேச்சர்' இதழுக்கு எழுதி அனுப்பினார்.

அந்தச் சிதறலை விடாமல் துரத்தி, 1928-ல் கே.எஸ். கிருஷ்ணனுடன் சேர்ந்து ராமன் விளைவைக் கண்டுபிடித்தார். சிதறும் ஒளியில் ஒரு துளி நிறம் மாறி வரும், அதுதான் விஷயம். 1930-ல் நோபல். 1970 நவம்பர் 21-ல் பெங்களூரில் காலமானார்.

ஆனால் கடல் அவரை விடவில்லை. ஆழமில்லாத கரையோரத்தில் சர்வே படகு தரைதட்டும். அதனால் தொலையுணர்வு முறையில், விமானத்திலிருந்து பச்சை லேசர் துடிப்பை அனுப்புகிறார்கள். நீர்மட்டத்திலிருந்து ஓர் எதிரொளி, கடலடியிலிருந்து இன்னொன்று. இரண்டுக்கும் உள்ள நேர வித்தியாசத்தில் ஆழம் கிடைக்கும். நீர்மட்டம் எங்கே என்பதுதான் சில சமயம் பிடிபடாது. 1994-ல் அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவு பயன்படுத்தத் தொடங்கிய 'ஷோல்ஸ்' கருவியில் இதற்கென்றே தனி ரிசீவர் இருந்தது. 532 நானோமீட்டர் பச்சை ஒளி, ராமன் விளைவால் 645 நானோமீட்டர் சிவப்பாக மாறி வருவதை அது பிடிக்கும். சிவப்பு வந்தால் அங்கே தண்ணீர். வெறும் மணலில் பட்டால் அந்தச் சிவப்பு வராது.