ஒரே நாளில் இரு வாசல்கள்
பிரெஞ்சுப் பிரதமர் மெந்தேஸ் பிரான்ஸின் வாழ்வும் அது தரும் படிப்பினையும்

 

நம் வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் ஆண்டுதோறும் ஆகஸ்டு 16 அன்று கொடியேற்றி விழா எடுப்பதை நாம் அறிவோம். 1954 அக்டோபர் 18 அன்று அவ்வூரில்தான் பிரெஞ்சிந்திய மக்களின் பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். இந்தியாவுடன் இணைவதற்கு 170 பேரும், எதிராக 8 பேரும் வாக்களித்தனர். விடுதலைக்கு உழைத்த நம் தலைவர்களை நாம் நன்றியுடன் நினைக்கிறோம். ஆனால் மறு தரப்பில் அமர்ந்து, போரின்றிப் பிரிந்து செல்ல இசைந்த மனிதரைப் பற்றி நம்மில் பலர் அறியார். அவர் பியேர் மெந்தேஸ் பிரான்ஸ். அவருடைய வாழ்வில் பின்பற்றத்தக்கதும் உண்டு. எச்சரிக்கையாகக் கொள்ளத்தக்கதும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் எழுதுவதே நேர்மை.

அவர் 1907 ஜனவரி 11 அன்று பாரிஸில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். சட்டம் பயின்று வழக்கறிஞரானார். 1932இல், இருபத்தைந்து வயதில், பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் மிக இளைய உறுப்பினரானார். இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தபின் அமைந்த விஷி அரசு அவர்மீது பொய்க் குற்றம் சாட்டி ஆறாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 1941இல் காவலிலிருந்து தப்பி, அடுத்த ஆண்டு இங்கிலாந்தை அடைந்து, ஜெனரல் தெகோலின் விமானப் படையில் சேர்ந்து போரிட்டார். போரை ஏட்டில் படித்தவரல்லர், வானிலிருந்து கண்டவர். பின்னாளில் அவர் சமாதானம் நாடியதைக் கோழைத்தனம் என்று எவரும் சொல்ல இயலாமற் போனதற்கு இதுவே காரணம்.

1946 முதல் இந்தோசீனாவில், அதாவது இன்றைய வியட்நாம், லாவோஸ், கம்போடியா நாடுகளில், பிரான்ஸ் போர் நடத்திக்கொண்டிருந்தது. அந்நாடு நமக்கு அந்நியமானதன்று. புதுவை, காரைக்கால் பகுதிகளிலிருந்து சொல்தாக்களாகவும் அரசு ஊழியர்களாகவும் வணிகர்களாகவும் பலர் அங்குச் சென்றிருந்தனர். 1935இல் சைகோன் நகரின் நடுவே தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. ஆகவே அங்கு வெடித்த ஒவ்வொரு குண்டின் ஓசையும் நம் பகுதி வீடுகளிலும் கேட்டது எனலாம்.

1950 முதலே அப்போரைப் பேச்சுவார்த்தையால் முடிக்க வேண்டும் என்று மெந்தேஸ் பிரான்ஸ் வாதாடினார். எவரும் செவிசாய்க்கவில்லை. 1954 மே 7 அன்று தியன் பியன் பூ கோட்டை வீழ்ந்தது. ஜூன் மாதம் பிரதமர் பொறுப்பை ஏற்க முன்வந்தபோது, முப்பது நாட்களுக்குள் போர்நிறுத்தம் காண்பேன், இயலாவிடில் பதவி விலகுவேன் என்று நாடாளுமன்றத்தில் உறுதி கூறினார். பதவியைக் காக்கப் போரை நீட்டிக்கும் தலைவர்கள் நடுவே, போரை நிறுத்தப் பதவியைப் பணயம் வைத்தவர் அவர்.

தமது நாடு அங்கீகரிக்காத செஞ்சீனத்தின் பிரதமர் சூ என்லாயை ஜூன் 23 அன்று சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் நேரில் சந்தித்தார். ஜெனீவா மாநாட்டில் இந்தியாவுக்கு இருக்கை இல்லாதபோதும், நேருவின் தூதராக வி.கே. கிருஷ்ண மேனன் இரு தரப்பாரிடமும் சென்று இணக்கம் தேடினார். கெடுநாளான ஜூலை 20இன் நள்ளிரவைத் தாண்டிய சில மணி நேரத்தில் உடன்படிக்கை கையெழுத்தானது. அதன் நிறைவேற்றத்தைக் கண்காணிக்கும் குழுவுக்கு இந்தியா தலைமை ஏற்றது. பத்தே நாளில் துனீசியா சென்று, அந்த முஸ்லிம் நாட்டுக்கு உள்நாட்டுத் தன்னாட்சி வழங்குவதாக அறிவித்தார். 1956இல் துனீசியா முழு விடுதலை பெற்றது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1936 ஜூலை 30 அன்று ஆலைத் தொழிலாளர் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட மண் இது. மக்களே தம் எதிர்காலத்தை முடிவு செய்யட்டும் என்று 1948இல் இரு நாடுகளும் உடன்பட்டிருந்தும் ஆண்டுகள் வீணே கழிந்தன. பொதுவாக்கெடுப்பு நடத்தாமல் நிலத்தைக் கொடுக்கத் தமது அரசியல் சட்டம் இடந்தராது என்றது பிரான்ஸ். பிரெஞ்சு நிர்வாகத்தின் கீழ் நடக்கும் வாக்கெடுப்பு நியாயமாக இராது என்றது இந்தியா. 1954 மார்ச்சில் கொம்யூன் மன்றங்கள் இணைப்புக் கோரித் தீர்மானம் நிறைவேற்றின. வில்லியனூர், பாகூர்ப் பகுதிக் கிராமங்கள் இந்திய எல்லைக்குள் திட்டுத் திட்டாகச் சிதறிக் கிடந்தமையால், ஓரூரிலிருந்து மற்றோரூர் செல்லவும் சுங்கச் சாவடியைக் கடக்க வேண்டியிருந்தது. சாவடிகளில் கெடுபிடி முற்றியது. ஒரு தவறான துப்பாக்கிச் சூடு போதும், நம் வயல்கள் போர்க்களமாகியிருக்கும்.

மெந்தேஸ் பிரான்ஸ் பதவியேற்றபின் முடிச்சு அவிழ்ந்தது. பொதுவாக்கெடுப்புக்குப் பதிலாக, மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் வாக்களித்தால் போதும் என்று பிரான்ஸ் இறங்கி வந்தது. நிர்வாகம் முதலில் கைமாறட்டும், சட்டப்படியான உரிமை பின்னர் வரட்டும் என்று இந்தியா பொறுமை காத்தது. கீழூரில் வாக்கெடுப்பு நடந்த மூன்றாம் நாள் டெல்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. படை எதுவும் மோதவில்லை. 1956 மே 28 அன்று ஏற்பட்ட ஒப்பந்தத்தில் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பும் நம் மக்களுக்குக் கிடைத்தது. அவ்வாறு தேர்ந்த குடும்பங்கள் இன்றும் நம்மிடையே உள்ளன. பேச மறுத்த போர்ச்சுகல் ஆண்ட கோவாவுக்குள் 1961 டிசம்பரில் இராணுவம் நுழைய நேர்ந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆனால், அன்பர்களே! அதே 1954 நவம்பர் 1 அன்று அதிகாலையில் அல்ஜீரியாவில் விடுதலைக் கிளர்ச்சி வெடித்தது. நமக்கு வாசலைத் திறந்த அதே பிரதமர், அங்கே வாசலை அடைத்தார். அல்ஜீரியா பிரான்ஸின் பகுதியே, பிரிவினைக்கு இடமில்லை என்று நாடாளுமன்றத்தில் அறிவித்துப் படைகளை அனுப்பினார். அங்குக் குடியேறியிருந்த ஏறத்தாழப் பத்து இலட்சம் ஐரோப்பியரைவிடப் பல மடங்கு எண்ணிக்கையினரான முஸ்லிம்களுக்குச் சமமான வாக்குரிமை இருக்கவில்லை. அவர்களைப் பேச்சுக்குரிய ஒரு தரப்பாக அவர் அப்போது காணவில்லை. கடுமை காட்டியும் அவருடைய பதவி நிலைக்கவில்லை. 1955 பிப்ரவரியில், வட ஆப்பிரிக்கக் கொள்கையின் பேரிலேயே ஆட்சி கவிழ்ந்தது. பின்னர் அமைச்சராக இருந்தபோது, அல்ஜீரியாவில் அடக்குமுறை மிகுவதை ஏற்க மனமின்றி 1956 மே மாதம் பதவி விலகினார். அதற்குள் காலம் கடந்துவிட்டிருந்தது. இலட்சக்கணக்கான உயிர்களை விழுங்கிய பின்னரே, 1962 ஜூலை 5 அன்று அல்ஜீரியா விடுதலை பெற்றது. அதற்கு நாற்பத்திரண்டு நாட்களுக்குப் பின், ஆகஸ்டு 16 அன்று, புதுவை சட்டப்படியும் இந்தியாவுடன் இணைந்தது. இரு இடத்திலும் பிரான்ஸ் வெளியேறியது. ஓரிடத்தில் கைகுலுக்கி, மற்றோரிடத்தில் பிணங்களைக் கடந்து.

ஜெனீவா உடன்படிக்கையும் முழுப் பயன் தரவில்லை. 1956இல் வியட்நாம் முழுவதும் நடக்க வேண்டிய தேர்தல் நடக்காமையால் மீண்டும் போர் மூண்டது. கையெழுத்திட்டால் மட்டும் போதாது, வாக்கும் காக்கப்பட வேண்டும் என்பதற்கு அது சான்று.

முதுமையிலும் அவர் ஓயவில்லை. 1982 ஜூலையில் இஸ்ரேல் இராணுவம் பெய்ரூட்டை முற்றுகையிட்டிருந்தபோது, முற்றுகையை நீக்கவும், இஸ்ரேலியரும் பாலஸ்தீனரும் ஒருவரையொருவர் அங்கீகரித்துப் பேசவும் வேண்டி, வேறிரு யூதப் பெரியவர்களுடன் சேர்ந்து பகிரங்க அறிக்கை வெளியிட்டார். அல்ஜீரியாவில் 1954இல் காணத் தவறியதை அன்று அவர் கண்டார். அதே ஆண்டு அக்டோபர் 18 அன்று காலமானார். கீழூர் வாக்கெடுப்பு நடந்ததும் அதே தேதியில்தான்.

ஹுதைபிய்யா உடன்படிக்கையின் வரலாற்றை அறிந்த நமக்கு, அன்று விட்டுக்கொடுத்ததாகத் தோன்றியது பின்னர் வெற்றியாக விளைந்த செய்தி புதிதன்று. வரப்புத் தகராறாயினும், பாகப்பிரிவினையாயினும், மணமுறிவாயினும், எதிர்த்தரப்பாரை ஒரு தரப்பாக மதித்துப் பாயில் அமர வைப்பதே முதற்படி. அந்தப் பாயை நாம் விரிக்கத் தவறிய நாட்களில் குடும்பங்கள் நீதிமன்ற வாசலில் ஆண்டுக்கணக்காக நின்றதைக் கண்டிருக்கிறோம். வாசல் திறந்திருக்கும்போதே பேசுவோம். வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களை இணக்கமாக்குவானாக! வஸ்ஸலாம்.