சரபோஜி மன்னர் கையில் ரிவால்வர் இருந்ததா? படையில்லாத ராஜாவின் துப்பாக்கிக் கதை!

பழைய பொருள்களைச் சேகரிப்பவர்களிடம் தஞ்சாவூர் என்ற பெயருக்குத் தனி மவுசு. தட்டோ, ஓவியமோ, எதுவாக இருந்தாலும் அரண்மனைச் சாமான் என்று ஒரு வார்த்தை சேர்ந்துவிட்டால் விலை எகிறிவிடும். துப்பாக்கிக்கும் அதே கதைதான். நாளைக்கே யாராவது ஒரு துருப்பிடித்த ரிவால்வரைக் காட்டி, இது சரபோஜி மன்னரின் இடுப்பில் இருந்தது என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கவே வேண்டாம். மன்னரின் வாழ்க்கையைப் பார்த்தாலே பதில் கிடைத்துவிடும்.

இரண்டாம் சரபோஜி பிறந்தது 1777 செப்டம்பரில். வாரிசு இல்லாத துளஜா மன்னர், 1787-ல் தன் கடைசி நாள்களில் இவரைத் தத்தெடுத்தார். அப்போது பையனுக்குப் பத்து வயசுகூட ஆகவில்லை. துளஜா கண்ணை மூடியதும் அவருடைய சகோதரர் அமர்சிங், தத்து செல்லாது என்று சொல்லி அரியணையில் உட்கார்ந்துவிட்டார். சிறுவனுக்குத் துணையாக நின்றவர் ஸ்வார்ட்ஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார். தஞ்சாவூரில் இருந்தால் உயிருக்கே ஆபத்து என்ற நிலையில், 1793-ல் சரபோஜியைச் சென்னைக்கு அனுப்பிவைத்தார்கள். அங்கே கெரிக்கே என்ற இன்னொரு பாதிரியாரிடம் படித்தார்.

1798 ஜூன் மாசம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆதரவோடு முடிசூட்டினார்கள். அதைப் பார்க்க ஸ்வார்ட்ஸ் இல்லை. அதே வருஷம் பிப்ரவரியில் இறந்துவிட்டார். முடிசூட்டிய கம்பெனி சும்மா இருக்குமா? 1799 அக்டோபர் 25-ம் தேதி ஓர் ஒப்பந்தம். காவிரிப் பாசனத்தில் விளைந்த அத்தனை நெல்வயலும், அதன் வரியும், நிர்வாகமும் கம்பெனி கைக்குப் போயின. மன்னருக்கு மிஞ்சியது தஞ்சைக் கோட்டையும் அதைச் சுற்றிக் கொஞ்ச இடமும். கூடவே வருஷத்துக்கு ஒரு லட்சம் பகோடா பணம், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு. அப்போது அவருக்கு வயசு 22.

இனி அவர் போருக்குப் போக முடியாது, போக வேண்டியதும் இல்லை. ஆனால் கோட்டைக்குள் இருந்த ஆயுதக்கிடங்கு என்னவோ அப்படியே இருந்தது. நாயக்கர் காலத்து வாள்கள், கட்டாரிகள், அவர்களுக்குப் பின்வந்த மராட்டியர் காலத்து ஆயுதங்கள் எல்லாம் அதில் இருந்தன. கீழவாசல் பக்கம் பீரங்கிமேட்டில் நாயக்கர் காலத்து ராஜகோபால பீரங்கி, இரும்புப் பட்டைகளையும் வளையங்களையும் காய்ச்சி அடித்துச் சேர்த்தது, இன்னும் கிடக்கிறது இல்லையா, அந்த வம்சாவளிச் சொத்துதான் இவையும். சுட ஆளில்லாத ஆயுதங்களுக்கு நடுவே ஒரு மன்னர்.

அவர் பிறகு என்ன செய்தார் என்பது ஊருக்கே தெரியும். சரஸ்வதி மகாலுக்கு நூல்களைக் குவித்தார். ஐரோப்பாவில் அச்சான புத்தகங்களே ஆயிரக்கணக்கில் வந்தன. தன்வந்திரி மகாலில் கண் நோய்க்குச் சிகிச்சை பார்த்து, நோயாளியின் விவரங்களை எழுதிவைக்கச் செய்தார். உடற்கூறு படிக்கத் தந்தத்தில் ஓர் எலும்புக்கூடு செய்ய ஏற்பாடு பண்ணினார். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாட, கடலோரத்தில் மனோரா கோபுரத்தைக் கட்டினார். தன் நாட்டை எடுத்துக்கொண்டவர்களின் வெற்றிக்குத் தானே நினைவுச்சின்னம்! இதை விசுவாசம் என்பதா, பிழைக்கும் சாமர்த்தியம் என்பதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

துப்பாக்கி விஷயத்துக்கு வருவோம். 1826 மார்ச்சில் ஹீபர் என்ற கல்கத்தா பிஷப் தஞ்சாவூர் வந்து மன்னரைச் சந்தித்தார். மன்னரின் அறிவியல் படிப்பையும் ஷேக்ஸ்பியர் ரசனையையும் பற்றி வியந்து எழுதியவர், கூடவே இன்னொன்றையும் குறித்துவைத்தார். குதிரையின் தரம் பார்ப்பதில் மன்னர் கெட்டிக்காரர்; புலியைக் குறிபார்த்துச் சுடுவதில் பதற்றமே இல்லாதவர் என்று ஆங்கிலேய அதிகாரிகளே மதிக்கிறார்களாம். இதை எழுதிய சில நாள்களிலேயே, ஏப்ரல் 3-ம் தேதி, திருச்சியில் குளிக்கும்போது ஹீபர் இறந்துபோனார்.

அந்தக் காலத்து வழக்கமான துப்பாக்கி குழாய்வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற ரகம். மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்து, பக்கத்திலுள்ள சின்னக் கிண்ணத்திலும் கொஞ்சம் மருந்து வைக்க வேண்டும். விசையை இழுத்தால் சக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசும், பொறி பறக்கும், அப்புறம்தான் வெடிக்கும். ஐப்பசி மழையில் மருந்து நமுத்துவிட்டால் அதுவும் இல்லை. பழகிய சிப்பாயே நிமிஷத்துக்கு மூன்று முறைதான் சுடுவான். ஒற்றைக் குழல் என்றால் புலிக்கு ஒரே குண்டு. மன்னரின் நிதானத்துக்கு என்ன மதிப்பு என்று இப்போது புரிகிறதா?

ரிவால்வர் அப்போது உலகத்திலேயே இல்லையா என்றால், ஒரு வகையில் இருந்தது. கோலியர் என்ற அமெரிக்கர் 1818-ல் லண்டனில் காப்புரிமை பெற்ற சக்கிமுக்கி ரிவால்வர் அது. விலை அதிகம், செய்தது கொஞ்சம். 1830-ல் 16 வயசுப் பையன் ஒருவன் பாஸ்டனிலிருந்து கல்கத்தா போகும் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தான். கப்பலின் சக்கரத்தைப் பார்த்துத்தான் சுழலும் உருளை யோசனை அவனுக்கு வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். பெயர் சாமுவேல் கோல்ட். அவன் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியது 1835-ல், அமெரிக்காவில் 1836-ல். சரபோஜி இறந்தது 1832 மார்ச் 7-ம் தேதி. கணக்கு முடிந்தது. கோல்ட் ரிவால்வரை அவர் தொட்டிருக்கவே முடியாது.

மகன் சிவாஜி 1855 வரை இருந்தார். ஆடம்ஸ் ரிவால்வர் 1851-ல் வந்துவிட்டது. கோல்ட் லண்டனில் தொழிற்சாலை திறந்தது 1853-ல். அதனால் மகன் காலத்துக் கடைசி வருஷங்கள் என்றால் வாய்ப்பு உண்டு. அந்தக் காலத்து ரிவால்வருக்குத் தோட்டா கிடையாது. உருளையின் ஒவ்வோர் அறையிலும் மருந்தும் குண்டும் அடைத்து, பின்பக்கம் சின்னச் செப்புத் தொப்பி மாட்ட வேண்டும். ஆடம்ஸில் ஐந்து அறை, சட்டமும் குழலும் ஒரே வார்ப்பு போல இருக்கும். அதே காலத்து கோல்டில் உருளைக்கு மேலே சட்டமே இருக்காது. மேலிருந்து மடங்கித் திறக்கும் வெப்லி ராணுவ ரிவால்வரைக் காட்டினால், கும்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். அது ராணுவத்துக்கு வந்ததே 1887-ல். நீளத் துப்பாக்கி என்றால் விசைத்தகட்டில் கம்பெனி முத்திரையைத் தேடுங்கள்: 1808 வாக்கு வரை இதய வடிவம், பிறகு சிங்கம். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்கு இல்லை இது. பளபளப்பு ஏறினால் முத்திரையும் போகும், மதிப்பும் போகும்.

சிவாஜிக்கு ஆண் வாரிசு இல்லை. 1856 அக்டோபரில் கம்பெனி அதிகாரி சிப்பாய்களோடு வந்து அரண்மனைச் சொத்துகளைக் கைப்பற்றினார். மூத்த ராணி காமாட்சிபாய் வழக்கு போட்டார். சென்னை உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தவர், 1859-ல் லண்டன் பிரிவி கவுன்சிலில் தோற்றார். அரசு செய்ததை நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்று தீர்ப்பு.

ஆயுதக்கிடங்கில் ஒரு பகுதி சென்னை அருங்காட்சியகத்துக்குப் போனது. மீதி உடைத்து நொறுக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. சென்னை மாகாண அதிகாரியாக இருந்த வால்ஹவுஸ் 1878-ல் இதை வருத்தத்தோடு பதிவு செய்திருக்கிறார். தஞ்சைக் கட்டாரிகள் பலவற்றில் ஐரோப்பிய வாளலகு பொருத்தியிருந்ததையும் அவர்தான் கவனித்து எழுதினார். தப்பிய சில கட்டாரிகள் ஸ்டோன் என்ற அமெரிக்கச் சேகரிப்பாளரிடம் போய், 1935-ல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தை அடைந்தன.

நம் ஊரில் பார்க்க எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடம் இருக்கிறது. வீட்டில் வைத்துக்கொள்ள ஆசையா? பழுது பார்த்தாலும் சுட முடியாத பழங்காலத் துப்பாக்கிக்கு 1959 ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு விலக்கு தருகிறது. சுடக்கூடியது என்றால் லைசென்ஸ் வேண்டும். எது எந்த வகை என்று நாமே முடிவு செய்யாமல், வாங்கும் முன்பே காவல் துறையிடம் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது. நூறு வருஷம் தாண்டிய பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப 1972 சட்டப்படி தனியாருக்கு அனுமதி கிடையாது.