டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர்!



பங்க்கில் டீசல் போடுகிறோம். பரீட்சையில் டீசல் சைக்கிள் வரைந்து, பி-வி டயகிராமுக்கு அம்புக்குறி போட்டு மார்க் வாங்குகிறோம். ஆனால் டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதிலும் அவர் ஒரு பாலிடெக்னிக் மாணவர் என்று?

ரூடால்ஃப் டீசல் 1858 மார்ச் 18-ல் பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மன்காரர்கள். அப்பா தோல் சாமான்கள் செய்து விற்பவர். செய்த சாமான்களைத் தள்ளுவண்டியில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது சிறுவன் ரூடால்ஃபின் வேலை. 1870-ல் பிரான்சுக்கும் ஜெர்மானியருக்கும் போர் மூண்டது. பாரிசில் இருந்த ஜெர்மானியர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. குடும்பம் லண்டனுக்குப் போனது. பன்னிரண்டு வயதுப் பையனை மட்டும் ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் ஊரில் இருந்த உறவினர் வீட்டுக்குப் படிக்க அனுப்பினார்கள். அந்த உறவினர் ஒரு கணக்கு வாத்தியார். அங்கேயே இன்ஜினியர் ஆவது என்று பையன் முடிவு செய்துவிட்டான்.

மியூனிக் பாலிடெக்னிக்கில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. ஆனால் வீட்டில் சம்மதமில்லை! படித்தது போதும், வேலைக்குப் போய் நாலு காசு சம்பாதிக்கட்டும் என்பது பெற்றோரின் எண்ணம். நண்பர்களே, இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு நம்ம ஊர்க் கதையைப் படிப்பது போலவே இருந்தது. எங்க குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். மூணு வருஷம் சும்மா உட்கார வெச்சு சோறு போடணுமா என்று சொந்தக்காரர்கள் கேட்ட கேள்விக்கு எங்க அம்மாதான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ரூடால்ஃப் பிடிவாதமாகச் சேர்ந்து படித்தார். 1879-ல் கடைசிப் பரீட்சை நேரத்தில் டைபாய்டு காய்ச்சல் வந்து பரீட்சையே எழுத முடியவில்லை. அடுத்த பரீட்சை வரும்வரை சும்மா இருந்தாரா? இல்லை! சுவிட்சர்லாந்தில் வின்டர்தூர் என்ற ஊரில் உள்ள சுல்சர் தொழிற்சாலையில் கைவேலை பழகினார். 1880 ஜனவரியில் பரீட்சை எழுதி மிக உயர்ந்த மதிப்பெண்களோடு தேறினார்.

அந்தக் காலத்தில் எல்லாமே நீராவிதான். ஆனால் எரிக்கும் கரியின் சக்தியில் பத்தில் ஒரு பங்குகூட பெரும்பாலான நீராவி இன்ஜின்களில் வேலையாக மாறவில்லை. மீதியெல்லாம் வீண்! இதை வகுப்பில் கேட்ட நாளிலிருந்தே அவருக்கு அது உறுத்தலாக இருந்தது. காற்றை மட்டும் சிலிண்டருக்குள் கடுமையாக அழுத்தினால் அது பயங்கரமாகச் சூடேறும். அந்தச் சூட்டில் எண்ணெயைத் தெளித்தால் தானாகவே பற்றிக்கொள்ளும். ஸ்பார்க் பிளக் தேவையில்லை. இதுதான் அவர் யோசனை. 1892-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையும் க்ரூப் நிறுவனமும் பணம் போட முன்வந்தன.

1893 ஆகஸ்ட் 10-ல் முதல் சோதனை. எண்ணெய் பற்றிக்கொண்டது. ஆனால் அழுத்தம் தாங்காமல் மேலே பொருத்தியிருந்த இண்டிகேட்டர் வெடித்துச் சிதறியது! 1894 பிப்ரவரியில் இன்ஜின் ஏறக்குறைய ஒரு நிமிடம் மட்டும் தானாக ஓடியது. அந்த ஒரு நிமிடத்தை நம்பி இன்னும் மூன்று வருடம் உழைத்தார். 1897 பிப்ரவரியில் பேராசிரியர் ஷ்ரோட்டர் முறைப்படி சோதித்தார். எஃபிஷியன்சி 26.2 சதவீதம்! இன்ஜினியரிங் உலகமே திரும்பிப் பார்த்தது. 1900 பாரிஸ் கண்காட்சியில் டீசல் இன்ஜின் ஒன்று கடலை எண்ணெயிலேயே ஓடியது என்றால் நம்புவீர்களா?

சின்னச் சின்னத் தொழிலாளிகளும் பெரிய ஆலைகளோடு போட்டி போட ஒரு சிறிய, சிக்கனமான இன்ஜின் வேண்டும் என்பது டீசலின் ஆசை. எங்க அப்பா கூலிக்கு ஆயில் இன்ஜின் ஓட்டி வயலுக்குத் தண்ணீர் இறைப்பவர். பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் சத்தத்தை வைத்தே நாசில் அடைச்சிருக்கு என்று சொல்லிவிடுவார். டீசல் ஆசைப்பட்டது எங்க ஊர் வரப்பு வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

ரயிலை இழுக்க வேண்டும் என்பது அவருடைய இன்னொரு கனவு. சுல்சரோடு சேர்ந்து, தான் கைவேலை பழகிய அதே வின்டர்தூரில், 1912-ல் உலகின் முதல் பெரிய டீசல் ரயில் இன்ஜினை ஓட விட்டார். ஆனால் அது சரிவரவில்லை. ஏன்? டீசல் இன்ஜின் நின்ற நிலையிலிருந்து பாரம் இழுக்காது. முதலில் அது சுற்ற வேண்டும். அப்புறம்தான் பலம். அந்த வண்டியிலோ இன்ஜினைச் சக்கரத்தோடு நேரடியாக இணைத்திருந்தார்கள். ஒவ்வொரு முறை கிளம்பவும் அழுத்தக் காற்றால் தள்ள வேண்டியிருந்தது.

இதற்கு விடை வந்தபோது அவர் உயிரோடு இல்லை. வழக்குகள், நிலத்திலும் எண்ணெய்க் கிணறுகளிலும் போட்டு இழந்த பணம் எல்லாம் சேர்ந்து அவரைக் கடனில் மூழ்கடித்திருந்தன. வெளியே பெரிய மனிதர், உள்ளே திவால் நிலை. 1913 செப்டம்பர் 29 இரவு ஆண்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்து செல்லும் டிரெஸ்டன் கப்பலில் ஏறினார். சாப்பிட்டார், அறைக்குப் போனார். காலையில் ஆளைக் காணோம். படுக்கையில் படுத்த அடையாளமே இல்லை. சில நாட்கள் கழித்துக் கடலில் கிடைத்த உடலின் பையில் இருந்த பொருட்களை வைத்து மகன்தான் அடையாளம் சொன்னார். தற்கொலையா, விபத்தா? இன்றுவரை உறுதியாகத் தெரியாது.

விடை என்னவென்றால், நடுவில் மின்சாரம்! டீசல் இன்ஜின் ஜெனரேட்டரைச் சுற்றும். அந்த மின்சாரம் அச்சிலுள்ள மோட்டார்களைச் சுற்றும். மோட்டாருக்கு நின்ற இடத்திலேயே பலம் உண்டு. இதுதான் டீசல்-எலெக்ட்ரிக். 1934 மே 26-ல் அமெரிக்காவில் ஸெஃபைர் என்ற பயணிகள் ரயில் 600 குதிரைத்திறன் டீசலோடு டென்வரிலிருந்து சிகாகோவுக்கு 1,015 மைலை 13 மணி 5 நிமிடத்தில் கடந்தது. நம் நாட்டுக்கு 2001-ல் வந்த டபிள்யூடிபி-4 பயணிகள் ரயில் இன்ஜினின் பலம் 4,000 குதிரைத்திறன். அந்தப் பெயரில் டபிள்யூ அகலப்பாதை, டி டீசல், பி பயணிகள். இன்று பெரும்பாலான பாதைகளில் மின்கம்பி வந்துவிட்டாலும் அந்த 'டி' என்ற எழுத்தில் அவர் இருக்கிறார்.

நண்பர்களே, சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று கணக்கிட்டவர் தன் மனசுக்குள் இருந்த அழுத்தத்தை யாரிடமும் சொல்லவில்லை. கடன் என்றால் என்ன என்று நம்மில் பலருக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. அரியர் விழுந்தாலும், ஃபீஸ் கட்ட முடியாவிட்டாலும், வீட்டில் கஷ்டம் என்றாலும் தனியாகச் சுமக்காதீர்கள். பக்கத்து பெஞ்சில் இருப்பவனிடம் சொல்லுங்கள். பக்கத்து பெஞ்சுக்காரன் இரண்டு நாளாகப் பேசாமல் இருந்தால் நீங்களே போய்க் கேளுங்கள். பாய்லருக்கே சேஃப்டி வால்வு வைக்கிறோம், நமக்கு வேண்டாமா?

— இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன்