பத்தணா பெற்றவரும் பரிசு பெற்றவரும்

குளிரால் உடல் உதறும், பிறகு அனலாய்க் கொதிக்கும், வியர்த்து ஓயும், மீண்டும் வரும்! மலேரியா என்றால் கெட்ட காற்று என்று பொருள். காற்றின்மீதே பழி போட்டனர். கொயினா மருந்து இருந்தது. நோய் பரவும் வழிதான் தெரியவில்லை.

அந்த வழியைக் கண்டவர் ரொனால்டு ராஸ். 1857இல் அல்மோராவில் பிறந்த வெள்ளையர். சென்னை மாகாணத்திலும் பணிபுரிந்த இராணுவ மருத்துவர். கொசுவைக் கவனி என்று வழிகாட்டியவர் இலண்டன் மருத்துவர் மான்சன்.

செகந்தராபாத்தில் வெயில் கொளுத்திற்று. விசிறி அசைந்தால் கொசு பறந்துவிடுமே! நிறுத்தினார் விசிறியை. வியர்வை பட்டு நுண்ணோக்கியின் திருகாணிகள் துருப்பிடித்தன. அறுத்த கொசுக்கள் ஏராளம், கண்டது ஏமாற்றம்.

அங்கே உசேன்கான் என்றொரு நோயாளி. கொசுக்கடிக்கு உடலைக் கொடுத்தார். கடிக்கு ஓரணா, பத்துக் கடிக்குப் பத்தணா. அவர் இரத்தம் குடித்த கொசுவின் இரைப்பையிலேதான், 1897 ஆகஸ்ட் 20இல், கிருமியைக் கண்டார் ராஸ். அவருக்கு 1902இல் நோபல் பரிசு, பின்னர் 'சர்' பட்டம். பட்டத்தை நாம் குறை கூறவில்லை, உழைத்தவர்தான். பத்தணாக்காரரையும் சேர்த்தே நினைக்கிறோம்.

பரிசு பெற்ற ஆண்டிலேயே சூயஸ் கால்வாயோர இஸ்மாயிலியா நகருக்குச் சென்றார் ராஸ். தேங்கிய நீரை அகற்றச் செய்தார். காய்ச்சல் அடங்கிற்று.